களப்பில் என் மகள் காட்டிய வெளிச்சம்

இரத்தினபுரிக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பால் வெட்டுகிறேன். போன வருடம் வரை படகில் ஏறியதில்லை. ஏற்றியவள் என் மகள். பல்கலைக்கழகத்தில் கடலைப் பற்றிப் படித்துவிட்டு, தங்காலைப் பக்கம் கடலோரத்து உப்புநீர் ஏரியான ஒரு களப்பில் தண்ணீரை ஆராய்கிறாள். அந்தத் தண்ணீர் இருட்டில் ஒளிரும். பார்க்க வருகிறவர்களுக்குச் சனிக்கிழமைகளில் படகில் போய் விளக்கம் சொல்வதும் அவள்தான்.

"நிலா இல்லாத நாளா பாத்துச் சொல்றேன், வாங்கம்மா" என்று போனில் சொன்னாள். அவள் சொன்ன நாளில் நானும் அவள் அப்பாவும் எம்பிலிப்பிட்டிய வழியாகப் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம்.

படகில் எங்களோடு கொழும்பிலிருந்து வந்த ஒரு சிங்களக் குடும்பம் இருந்தது. நடுக்களப்பில் படகுக்காரர் எஞ்சினை நிறுத்தினார். ஒரே இருட்டு. நான் பலகையை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

"கைய தண்ணிக்குள்ள விடுங்கம்மா" என்றாள் மகள்.

"முதலை ஏதும் இருக்கா?"

"இருந்தா உங்கள விடச் சொல்வேனா?"

விட்டேன். விரல்களைச் சுற்றி நீல வெளிச்சம் எழுந்தது. கையை எடுத்தால் அணைந்தது. அவள் அப்பா இரண்டு கையாலும் துழாவிக்கொண்டிருந்தார்.

மகள் சிங்களத்தில் விளக்கினாள். கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர்கள், தண்ணீர் அசைந்தால் ஒளிவிடும் என்றாள். பிறகு அதையே எங்களுக்காகத் தமிழில் சொன்னாள். கொழும்புக்காரர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். அவள் எதற்கும் தடுமாறவில்லை. ஒன்றுக்கு மட்டும், "அதைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்" என்றாள்.

எந்தப் பாடசாலையில் படித்தாள் என்று அவர் விசாரித்தார்.

"முதலில் தோட்டப் பள்ளிக்கூடம். பிறகு டவுனுக்குப் போனேன். விடியுமுன் அம்மாதான் பஸ் ஏற்றிவிடுவார்." என்னைக் காட்டி, "மே மகே அம்மா", இவர்தான் என் அம்மா என்றாள்.

அந்த மனிதர் என் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும். ஆனாலும் நனைந்த கையோடு திரும்பக் கும்பிட மட்டும்தான் செய்தேன்.

கரையில் இறங்கியதும் அவளிடம் சொன்னேன்: "சயன்ஸ் வேணாம், ஆர்ட்ஸ் படிச்சு டீச்சரா போன்னு நான்தானே சொன்னேன்."

"சொன்னீங்க. ஆனா ஒரு நாள்கூட பஸ்ஸ விட வைக்கலியே" என்று என் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். மகள் பேசியதை முதலிலிருந்து சொன்னேன், சிங்களத்தில் சொன்னதையும் விடாமல். கங்காணி என் பெயரை இரண்டு தரம் கூப்பிட வேண்டியிருந்தது.