எறியாத கோடை

எனக்கு மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை. பனி கரைந்து புல் தெரியத் தொடங்கியதும் வேலை முடிந்த மாலைகளிலும் சனி ஞாயிறுகளிலும் பேஸ்போல் மைதானங்களில் நிற்பேன். பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்த நண்பன் ஒருவன் எல்லைக்கு அந்தப் பக்கம், நியூயோர்க் மாநிலத்தில் ஒரு சிறிய கல்லூரி அணியின் பயிற்சியாளனாக இருக்கிறான். ரொறன்ரோவைச் சுற்றி ஆடும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் யாரைத் தன் கல்லூரிக்கு எடுக்கலாம் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அவனால் வர முடியாது. பள்ளிக்கூடக் காலத்தில் நான் சொஃப்ட்போல் ஆடியவள். "நீ போய்ப் பார்த்துச் சொல்லு, எனக்கு அது போதும்" என்று ஒருநாள் கேட்டான். அன்றிலிருந்து பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வேலிக்கரையில் தனியாக நிற்கும் தமிழ்ப் பெண்ணைப் பார்க்கிறவர்கள் ஆடுகிற பிள்ளை ஒன்றின் தாய் என்றுதான் நினைப்பார்கள். அது எனக்கு வசதி. தாய்மாருக்கு முன்னால் எந்தப் பையனும் நடிப்பதில்லை.

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு வசந்தத்தில் அஜக்ஸில் ஓர் ஆட்டம் பார்க்கச் சொன்னான் நண்பன். பதினோராம் வகுப்புப் பையன், தமிழ்ப் பையன், ஷோர்ட்ஸ்டொப் நிற்பவன். யாரோ அனுப்பிய வீடியோவில் அவன் கால்கள் ஓடும் விதம் நண்பனுக்குப் பிடித்துப்போயிற்று. ஷோர்ட்ஸ்டொப் என்பவன் இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நிற்கிறவன். ஓங்கி அடித்த பந்து தரையோடு தரையாக அதிகமும் அவனிடம்தான் வரும். ஓடிப்போய்க் குனிந்து அள்ளி, மைதானத்தின் குறுக்கே முதலாவது பேஸுக்கு எறிய வேண்டும். அடித்தவன் ஓடி வந்து சேருவதற்குள் பந்து போய்ச் சேர வேண்டும். நானும் அந்த இடத்தில்தான் நின்றேன் என்பதால் அங்கே நிற்கும் பிள்ளைகள்மேல் எனக்கு ஒரு பட்சபாதம் உண்டு.

ஆட்டம் தொடங்குமுன் வேலைச் சப்பாத்தோடு ஒருவர் வந்து பக்கத்தில் நின்றார்.

"உங்கட மகன் ஆர், தங்கச்சி?"

"எனக்கு இதில ஒருத்தரும் இல்லை அண்ணை. ஒரு கல்லூரிக்காகப் பாக்க வந்தனான்."

அவர் சட்டையை இழுத்துச் சரிசெய்தார். "ஷோர்ட்ஸ்டொப் என்ர மகன்" என்றார். பிறகு அவரால் பேசாமல் இருக்க முடியவில்லை. ஊரில் பள்ளிக்கூடக் கிரிக்கெட் அணிக்கு வேகப்பந்து போட்டவராம். பேஸ்போலின் சட்டங்கள் தனக்கு இன்னும் பாதிதான் பிடிபட்டிருக்கிறது, ஆனால் எறிவது எந்த விளையாட்டிலும் எறிவதுதானே என்றார். "வேலையால வந்த உடனே கூட்டிக்கொண்டு போயிடுவன். அந்தப் பள்ளிக்கூடச் சுவர் இருக்கெல்லோ, அதில எறிவிப்பன். மழையெண்டா கராஜுக்குள்ள. ஒருநாளும் விடுறேல்லை. என்ர அப்பா எனக்கு நேரம் ஒதுக்கினவர் இல்லை. நான் அப்பிடி இருக்கக்கூடாதெண்டு நினைச்சன்."

பையன் ஆடத் தொடங்கினான். வீடியோ பொய் சொல்லவில்லை. அடிக்கும் மட்டையைப் பார்த்தே பந்து எந்தப் பக்கம் வரும் என்று அவனுக்குத் தெரிந்தது. மற்றவர்கள் பாய்ந்து விழுந்து பிடிக்கும் பந்துக்கு அவன் நடந்து போவதுபோலப் போனான். முதல் இரண்டு எறிகளும் நேராகப் போய் முதலாவது பேஸ்காரனின் நெஞ்சுக்கு நேரே சேர்ந்தன. அதற்குப் பிறகு ஏதோ மாறியது. முழங்கை கீழே இறங்கியது. பந்து தரையில் ஒருமுறை குத்திப் போனது, பிறகு இரண்டு முறை. ஒவ்வோர் எறிக்குப் பின்னும் வலக்கையைக் கையுறைக்குப் பின்னால் மறைத்து விரல்களை விரித்து மடக்கினான். இடைவேளைகளில் மற்றவர்கள் கையைச் சூடாக வைத்திருக்க எறிந்து விளையாட, அவன் பந்தைக் காலால் உருட்டிவிட்டான்.

தகப்பன் என் பக்கத்தில் கைதட்டிக்கொண்டே இருந்தார்.

ஆட்டம் முடிந்தது. தகப்பன் காரை எடுத்துவரப் போனதும் நான் பையனிடம் போனேன். மட்டைகளை இடக்கையாலேயே பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தான்.

"தம்பி, உமக்குக் கை நோகுதோ?"

"நோ, இட்ஸ் ஃபைன் அன்ரி. கொஞ்சம் டைற்றா இருக்கு, அவ்வளவுதான்."

"எவ்வளவு நாளா?"

அவன் கார் நிறுத்துமிடத்தைத் திரும்பிப் பார்த்தான். "விண்டர்ல இருந்து" என்றான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்பாட்டச் சொல்லாதேங்கோ, ப்ளீஸ். அவர் டபிள் ஷிஃப்ட் செய்திட்டு வந்தும் என்னோட நிப்பார். தன்னாலதான் எண்டு நினைச்சிடுவார்."

கல்லூரியில் இடம் போய்விடுமே என்று பயப்படுகிறான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவன் பயந்தது அதற்கு இல்லை.

"அப்பாட்ட நான் சொல்லமாட்டன். அது நீர் சொல்ல வேண்டியது. ஆனா என்னை அனுப்பின கல்லூரிக் கோச் கேட்டா, கை நல்லா இருக்கெண்டு என்னால சொல்ல ஏலாது. அதுக்கு முதல் வீட்டில சொல்லும். இப்பிடியே எறிஞ்சா உமக்கு எறியக் கையே இருக்காது."

அவன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். என் தொலைபேசி எண்ணைத் தகப்பனிடம் கொடுத்துவிட்டு 401 நெடுஞ்சாலையில் வீட்டுக்கு வந்தேன். நண்பனை நான் அன்று கூப்பிடவில்லை.

அந்த வாரத்துக்குள் தகப்பன் கூப்பிட்டார். வேலைக்குப் போகிற வழியில் என்னைப் பார்க்க வேண்டும் என்றார். அலுவலகத்துக்குப் பக்கத்துக் கோப்பிக்கடையில் சந்தித்தோம். கோப்பியை வாங்கி வைத்துவிட்டுக் குடிக்காமல் இருந்தார். மகன் காருக்குள் வைத்துச் சொன்னானாம். டொக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் முழங்கையின் தசைநார் நைந்துபோயிருந்தது. அறுந்துவிடவில்லை. ஆனால் குளிர்காலம் வரும்வரை ஒரு பந்தும் எறியக்கூடாது.

"தங்கச்சி, நீங்கள் இந்த விளையாட்டுத் தெரிஞ்ச ஆள். உண்மையைச் சொல்லுங்கோ. என்னாலயோ?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்த முகத்துக்கு முன்னால் அப்படிச் சொல்லிவிட முடியவில்லை.

"கூட எறிஞ்சதுதான் அண்ணை காரணம். வளருற கைக்கு ஓய்வு வேணும். அது உங்களுக்கு ஆரும் சொல்லித் தரேல்லை. ஆனா அவன் பந்துக்குப் போற விதம் இருக்கே, அதுவும் உங்களோட நிண்டு வந்ததுதான். அதைச் சும்மா ஒருத்தரும் குடுக்கேலாது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பிள்ளை எனக்காக நோவைப் பொறுத்துக்கொண்டு நிண்டிருக்கு" என்றார். பிறகு கோப்பியை எடுக்காமலே வேலைக்குப் போனார்.

நண்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பெருமூச்சு விட்டான். இந்த வருடம் எதுவும் பேச முடியாது, அடுத்த வசந்தத்தில் கை எப்படி என்று பார்ப்போம் என்றான். அதைப் பையனிடம் நானே தொலைபேசியில் சொன்னேன். "ஓகே அன்ரி" என்று மட்டும் சொன்னான். என்மேல் அவனுக்குக் கோபம் என்பது அந்த இரண்டு சொல்லிலேயே தெரிந்தது. கோபப்பட அவனுக்கு உரிமை இருந்தது.

ஆவணியில் வேறொரு பையனைப் பார்க்க அஜக்ஸ் போனேன். திரும்பும்போது பக்கத்து மைதானத்தில் தகப்பனும் மகனும் நிற்பதைக் கண்டு காரை நிறுத்தினேன். தகப்பன் குனிந்து பந்தைத் தரையில் உருட்டினார். மகன் ஓடிப்போய் அள்ளினான், கால்களைத் திருப்பி எறிகிற நிலைக்கு வந்தான், எறியாமல் பக்கத்தில் இருந்த வாளிக்குள் போட்டான். தகப்பன் இடப்பக்கம் உருட்டினார், வலப்பக்கம் உருட்டினார், வேண்டுமென்றே மேட்டில் குத்தித் துள்ளவும் விட்டார். வாளி நிறைந்ததும் இருவரும் புல்லில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள்.

என்னைக் கண்டதும் தகப்பன் கை காட்டிக் கூப்பிட்டார். "பின்னேரங்களில வீட்டில சும்மா இருக்க ரெண்டு பேருக்கும் விசர் பிடிச்சிட்டுது" என்றார். "எறியத்தானே வேண்டாமெண்டவை. பிடிக்க வேண்டாமெண்டு சொல்லேல்லை. கைக்குப் பயிற்சி குடுக்கிற பிஸியோகாரப் பிள்ளையிட்டக் கேட்டுப்போட்டுத்தான் செய்யிறம்."

"அப்பா இப்ப எல்லாத்துக்கும் பிஸியோவைக் கேக்கிறார்" என்றான் மகன். "நான் சாப்பிடுறதுக்கும்." அவன் என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அடுத்த வசந்தத்தில் நண்பன் எல்லை கடந்து தானே வந்தான். அவன் வருவதைப் பற்றி நான் பையனுக்கோ தகப்பனுக்கோ ஒன்றும் சொல்லவில்லை. கல்லூரித் தொப்பியோடு அவன் என் பக்கத்தில் நிற்பதைக் கண்டதும் இருவரும் புரிந்துகொண்டார்கள். பையனின் கை நோவில்லாமல் எறிந்தது. ஆனால் பழைய வேகம் திரும்பியிருக்கவில்லை. மூன்றாவது பேஸ் பக்கம் ஆழத்திலிருந்து எறிந்த பந்து ஓடிவந்தவனுக்கு ஓர் அடி பிந்திப் போயிற்று. நண்பன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். அவனுக்குத் தெரிந்ததுதான் எனக்கும் தெரிந்தது.

ஆட்டம் முடிந்து நண்பன் பையனிடம் நேராகவே சொன்னான். ஷோர்ட்ஸ்டொப் இடத்துக்கு உன்னை எடுக்க முடியாது. இரண்டாவது பேஸில் நிற்கிறாய் என்றால் எடுக்கிறேன். அந்தக் கைகளும் கால்களும் எனக்கு வேண்டும்.

தகப்பன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ரெண்டாவது பேஸ் எண்டா குறைவோ தங்கச்சி?"

"குறைவில்லை அண்ணை. எறிய வேண்டிய தூரம் கிட்ட. மற்றதெல்லாம் அதே வேலைதான்."

"அவனுக்குக் குறைவாத் தெரியும்" என்றார் அவர். அது சரிதான். பையன் நண்பனிடம் யோசிக்க வேண்டும் என்றான். சின்ன வயதிலிருந்தே அவன் தன்னை ஷோர்ட்ஸ்டொப் என்றுதான் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறான். அதை விட்டுக்கொடுப்பது எவ்வளவு கனமானது என்று எனக்குத் தெரியும். தகப்பன் அவனை ஒன்றும் கேட்கவில்லை, நெருக்கவும் இல்லை. ஒரு கிழமைக்குப் பிறகு அவனே நண்பனைக் கூப்பிட்டு வருகிறேன் என்றான்.

போன வசந்தத்தில் தாயும் தகப்பனும் நானுமாக ஒரு காரில் அந்தக் கல்லூரிக்குப் போனோம். தாய்க்கு இந்த விளையாட்டில் ஆர்வம் இல்லை. வழி நெடுக மகன் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்றுதான் பேசினார். இறைச்சி ரோலும் புட்டும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஆட்டத்தின் பெரும்பகுதி மகன் வெளியே, மாற்று ஆட்டக்காரர்களின் வாங்கில் இருந்தான். முதலாம் வருடக்காரர்களுக்கு அப்படித்தான். கடைசிக்கு முந்திய இன்னிங்ஸில் அவனை இரண்டாவது பேஸுக்கு அனுப்பினார்கள். தகப்பன் எழும்பி நின்றார். அடிப்பவனுக்குப் பந்து எறியப்பட்ட ஒவ்வொரு முறையும் அவன் முழங்காலை வளைத்துத் தயாராக நின்றான், பந்து வரும் பக்கம் ஓரடி எடுத்துவைத்தான். இரண்டு இன்னிங்ஸும் முடிந்தன. ஒரு பந்தும் அவன் பக்கம் வரவில்லை.

"என்ன, பந்து வரேல்லையே இவனிட்ட?" என்றார் தாய்.

"வரேல்லை" என்றார் தகப்பன், இன்னும் நின்றபடியே. "ஆனா வந்திருந்தாப் பிடிச்சிருப்பான். நீங்கள் கவனிச்சனீங்களோ தங்கச்சி, எல்லாத்துக்கும் கால் எடுத்து வைச்சவன்."

"ஓம் அண்ணை" என்றேன். நான் கவனித்துத்தான் இருந்தேன்.