அக்காவை யாரும் கேட்கவில்லை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, சபையாரே, அக்காவின் நினைவு ஆராதனை தொடங்குவதற்கு முன்பே இதைப் படித்துவிடுங்கள். அதற்காகத்தான் வாசலிலேயே கொடுக்கச் சொன்னேன்.

அக்கா திருக்கோவிலூரில் பிறந்தார். அப்பா அங்கே பள்ளி ஆசிரியராக இருந்தார். பிரசவத்தில் அம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டது. பிறந்த குழந்தையும் அழவில்லை. பக்கத்தில் இருந்த பெரியம்மா குழந்தையைத் தூக்கிப் பிடித்து, "இது பொழச்சா ஊழியத்துக்கே குடுத்துடறோம் ஆண்டவரே" என்று பொருத்தனை செய்தார். குழந்தை அழுதது. அம்மா கண் விழித்தபோது மகள் பிறந்த செய்தியும், அவளைக் கொடுத்தாகிவிட்ட செய்தியும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன. பெரியம்மா இதைச் சபையில் சாட்சியாகச் சொல்லிப் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். அம்மா ஒருமுறைகூட எழுந்து நின்று சொன்னதில்லை. அதை யாராவது கவனித்தீர்களா?

நாங்கள் கள்ளக்குறிச்சிக்குக் குடிவந்த பிறகு நான் பிறந்தேன். அப்பா சீக்கிரமே காலமானார். வீட்டில் எது முடிவு செய்வதென்றாலும் பெரியம்மாதான் என்று ஆயிற்று. நான் விளையாடப் போனால் அக்கா வேதவசனம் மனப்பாடம் செய்துகொண்டிருப்பார். நர்ஸ் படிப்புக்கு அக்கா ஆசைப்பட்டார். ஊழியத்துக்குப் போகிறவளுக்கு அது எதற்கு என்றார்கள். நல்ல இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தவர்களை, "இது நேர்ந்துவுட்ட பொண்ணுங்க, கண்ணாலத்துக்கு இல்ல" என்று பெரியம்மா காப்பி கொடுத்து அனுப்பிவைத்தார். போகிறவர்களை வாசல்வரை அக்காதான் வழியனுப்பினார்.

கல்லூரி முடித்த கையோடு அக்காவுக்கு வழியனுப்பு ஆராதனை நடந்தது. மாலை போட்டார்கள், புதுப் பெட்டி கொடுத்தார்கள், தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். முதலில் நேபாளம். அங்கே வெளிப்படையாகப் பிரசங்கம் செய்ய முடியாது என்பதால் ஒரு மருந்தகத்தில் கட்டுப் போடும் வேலை செய்தார். பிறகு மலேசியா, ரப்பர் தோட்டங்களில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாட்டும் எழுத்தும் சொல்லிக்கொடுத்தார், பேன் பார்த்தார், தலை சீவிவிட்டார். விசா முடியும்போதெல்லாம் எல்லை தாண்டித் தாய்லாந்து போய்த் திரும்பி வர வேண்டும். திரும்ப விடுவார்களா என்பது ஒவ்வொரு முறையும் சந்தேகம்தான்.

"எந்த ஊர்லயும் நான் அரிசிய மூட்டையா வாங்குனதில்லடி" என்று பின்னாளில் என்னிடம் சொன்னார். "நாளைக்கு இருப்பமோ மாட்டமோ. கம்மியா வாங்கிக்கினு வருவேன்."

அக்கா அனுப்பிய புகைப்படங்களைப் பெரியம்மா கைப்பையில் வைத்துக்கொண்டு கல்யாண வீடுகளில் காட்டினார். அக்கா எந்த நாட்டில் இருக்கிறார் என்று கேட்டீர்கள். எப்படி இருக்கிறார் என்று கேட்டவர்கள் யாரென்று எனக்கு நினைவில்லை. இருந்தால் மன்னியுங்கள்.

விட்டு விட்டு வந்த காய்ச்சல் அக்காவைத் திருப்பி அனுப்பியது. பாதி உடம்பாக வந்து இறங்கினார். அழைத்து வரப் பேருந்து நிலையத்துக்கு நானும் என் கணவரும் மட்டுமே போனோம். மாலை போட்ட கைகள் எவையும் வரவில்லை. பெரியம்மா வீட்டுக்கு வந்து, அக்காவை வைத்துக்கொண்டே அம்மாவிடம், "இன்னாத்துக்கு வந்தாளாம்? குடுத்தத திரும்ப வாங்குனா வூட்டுக்கு ஆவுமா?" என்றார். அடுத்த ஞாயிறு சபை முடிந்து வெளியே வந்தபோது பின்மாற்றக்காரி என்ற பேச்சு என் காதிலேயே விழுந்தது. ஊழியத்தை விட்டு ஓடி வந்தவள் என்று அதற்கு அர்த்தம். சொன்னவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அன்று நான் சமையலறையில் அழுதேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"நீ எதுக்குடி அழுவுற? வெங்காயம் எங்கிட்டல்ல இருக்குது."

"உனக்குக் கோவமே வராதாக்கா?"

இன்னொரு வெங்காயத்தை எடுத்து உரித்தார். பிறகு, "என்னக் கேட்டிருந்தாலும் நான் போயிருப்பேன்டி. புள்ளைங்கள எனக்குப் பிடிக்கும். ஆனா ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றார்.

உடம்பு சற்றுத் தேறியதும் அக்கா கல்வராயன் மலைக்குப் போனார். இந்த முறை யாரும் அனுப்பவில்லை, அவராகவே போனார். கரியாலூர்ப் பக்கம் வெள்ளையம்மா என்பவர் வீட்டில் தங்கி, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார், புண்களுக்கு மருந்து போட்டார். வெள்ளையம்மா குடும்பம் தங்கள் சாமியைக் கும்பிட்டது, அக்கா தன் ஜெபத்தைச் செய்தார், எல்லாரும் ஒரே சட்டிச் சாமைச் சோற்றைச் சாப்பிட்டார்கள். அங்கே போய்த்தான் முதல்முறையாக அரிசி மூட்டை வாங்கிப் போட்டதாகச் சொல்லியனுப்பினார்.

அந்த மூட்டை தீரவில்லை. காய்ச்சல் திரும்பியது. இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் மரங்களை வெட்டிச் சாலைகளை மறித்திருந்த வாரம் அது. நான் நிறைமாதம் என்பதால் என்னை விடவில்லை. என் கணவர் ஜீப் பிடித்துப் போய், வெள்ளையம்மா மடியில் அக்காவைப் படுக்கவைத்து இறக்கிவந்தார். கச்சிராயபாளையம் தாண்டியதும் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது, அதை வெட்டிய இளைஞர்கள் ஜீப்பை மறித்தார்கள்.

"வண்டி போவாதுண்ணே, திருப்பு."

"உள்ள ஜுரத்துல கெடக்குறாங்கப்பா."

"எல்லாரும் இதான் சொல்றீங்க. நெஜமாலுமே ஜுரம்தானா, இல்ல சினிமாவுக்குப் போறீங்களா?"

வெள்ளையம்மா ஜீப்புக்குள்ளிருந்தே கத்தினார்: "வந்து தொட்டுப் பாரு சாமி! உன் கையி வெந்துபோவும்!"

ஒருவன் எட்டிப் பார்த்தான். "டேய், மெய்யாலுமே முடியாம கெடக்குதுடா இந்தக்கா. புடிங்கடா அந்தப் பக்கம்" என்றான். வெட்டிப் போட்டவர்களே மரத்தைப் புரட்டி வழிவிட்டார்கள். மறுநாள் காலை கள்ளக்குறிச்சி மருத்துவமனையில் அக்கா கண்மூடினார். அடக்க ஆராதனையில் அவர் மறுபடியும் மிஷனெரி ஆகிவிட்டார். பெரியம்மா சாட்சி சொன்னார்.

அடுத்த மாதம் என் மகள் பிறந்தாள். தொட்டில் கட்டுவதற்குள் பெரியம்மா, "ஒண்ணு போச்சு, ஒண்ணு வந்திருக்குது. அக்கா எடத்துக்கு இவதான்" என்றார். இன்றைய ஆராதனையின் முடிவில் குழந்தையை முன்னால் கொண்டுவந்து ஊழியத்துக்கு ஒப்புக்கொடுப்பதாகப் போதகரிடமும் உங்களிடமும் சொல்லிவைத்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் கொண்டுவர மாட்டேன்.

இதை எழுதிக் கிழித்துவிட்டு மறுபடியும் எழுதியிருக்கிறேன். பாப்பாவுக்கு உடம்பு சுட்டால், ஆண்டவருக்கு மறுக்கிறோமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அக்கா இருந்திருந்தால் குழந்தையைத் தானே தூக்கிக்கொண்டு முன்னால் போயிருப்பாரோ என்றும் தோன்றுகிறது. எனக்குத் தெரியாது. வெங்காயம் உரித்தபடி அவர் சொன்னது மட்டும் தெரியும்.

வெள்ளையம்மாவுக்கும் அவர் வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. இன்று அவர்கள் முதல் வரிசையில் உட்காருவார்கள், தயவுசெய்து இடம் விடுங்கள். மரத்தைப் புரட்டிய பிள்ளைகளின் பெயர் தெரியவில்லை, எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். வாய் திறக்காமல் இத்தனை காலம் தாங்கிய அம்மாவுக்கு என் வணக்கம். பெரியம்மாவும் மற்றவர்களும் இருந்து சாப்பிட்டுப் போக வேண்டும்.

நானும் பாப்பாவும் கடைசி பெஞ்சில் இருப்போம். அவளைக் கொஞ்ச யார் வேண்டுமானாலும் வரலாம். ஒப்புக்கொடுக்கக் கேட்டு யாரும் வர வேண்டாம். அவளுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. வந்த பிறகு அவளையே கேளுங்கள்.