முப்பத்தெட்டு கிலோ அக்கா

என் அக்காவின் எடை முப்பத்தெட்டு கிலோ என்பது அந்தக் கோடையில் எங்கள் தெரு முழுக்கத் தெரியும். நர்சிங் கவுன்சிலிங்குக்குச் சென்னையிலிருந்து கடிதம் வந்த அன்றே அடுத்த வீட்டு அத்தை வந்து, அம்மாவிடம் விஷயத்தைப் போட்டுவிட்டாள்.

"நாப்பது கிலோ இல்லன்னா திருப்பி அனுப்பிடுவாங்களாம் அண்ணி. பேஷண்ட்டத் தூக்கணும்ல? இவ நின்னா பேஷண்ட்டுதான் இவளத் தூக்கணும்."

அக்கா சிரிக்கவில்லை. அவளுடைய மார்க் சீட் கிடைக்கும் விளிம்பில்தான் நின்றது. தள்ளிவிட ஒரு சாக்கு கிடைத்தால் போதும், அந்த சீட்டுக்கு ஆயிரம் பிள்ளைகள் காத்திருந்தார்கள். அவளோ வேறு எந்தப் படிப்புக்கும் விண்ணப்பமே வாங்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டு முட்டை, வாழைப்பழம், கடலை உருண்டை எல்லாம் அக்கா தட்டுக்கே போயின. வாராவாரம் ஜங்ஷனில் இருந்த எடை மெஷினில் அவளை ஏற்றி இறக்கினோம். கலர் விளக்குகள் சுற்றும், அட்டை விழும். முப்பத்தெட்டு. அட்டையின் பின்பக்கம் 'நினைத்தது நடக்கும்' என்று அச்சடித்திருக்கும். முன்பக்கம்தான் ஒத்துழைக்கவில்லை.

"எனக்கெல்லாம் பயமே இல்லடி" என்று அக்கா என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் ஐந்தாம் வகுப்பு. பிளஸ் டூ முடித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆகவே, பயப்படும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

அப்பா செராமிக் தொழிற்பேட்டையில் சூளை வேலை பார்த்தார். கீறல் விட்ட பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் எங்கள் வீட்டில் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு கிடக்கும். பெரியதாக நான்கைப் பொறுக்கி மளிகைக் கடைத் தராசில் வைத்தேன்.

"யாருக்கு இது, ஈ.பி. ஆபீசுக்கா?" என்றார் கடைக்காரர்.

இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கூடவே காட்டியது. தோளில் பையோடு அக்கா மெஷினில் ஏறுவாள், முள் நாற்பதைத் தாண்டிவிடும். அவ்வளவுதான் என் திட்டம். கட்டைகளை ஒரு துண்டில் சுருட்டி, சர்ட்டிபிகேட் ஃபைலுக்கு அடியில் வைத்தேன். கிளம்பும்போது பையை மாட்டிய அக்கா ஒரு பக்கமாகச் சாய்ந்தாள்.

"படிச்ச படிப்பு கனக்குது பாரு" என்று அம்மா பூரித்துப்போனாள்.

அப்பாவும் அக்காவும் மறுநாள் சாயங்காலம் திரும்பினார்கள். சீட் கிடைத்துவிட்டது. அப்பா வாசலிலேயே சொன்னார்: "எடையாவது ஒண்ணாவது. மார்க்கப் பாத்தாங்க, கையெழுத்துப் போடுன்னாங்க."

"அப்ப சட்டத்த மாத்திட்டாங்க போலருக்குது" என்றாள் அத்தை, கொஞ்சமும் அசராமல்.

அக்கா என்னைக் கொல்லைப்பக்கம் தள்ளிக்கொண்டு போய்த் துண்டை என் கையில் திணித்தாள். "அறிவு இருக்குதாடி ஒனக்கு? மெட்ராஸ் வரைக்கும் இதச் செமந்திருக்கேன்."

சீட் கிடைத்த சந்தோஷத்தில் திட்டு உறைக்கவில்லை. ஒன்றுதான் விளங்கவில்லை. நான் சும்மா சுருட்டி வைத்த துண்டு, கயிறு மாதிரி முறுக்கி, கட்டைக்குக் கட்டை முடிச்சோடு திரும்பி வந்திருந்தது. ரயிலில் கசங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது ஒரு வார்டையே அதட்டி நடத்தும் அக்கா, போன பொங்கலுக்குத்தான் வாயைத் திறந்தாள். விழுப்புரம் வருவதற்குள்ளேயே கட்டைகளைப் பார்த்துவிட்டாளாம். கவுன்சிலிங் நடந்த இடத்துப் பாத்ரூமில் துண்டை இடுப்பில் கட்டி, மேலே சுடிதாரை இழுத்துவிட்டுக்கொண்டாளாம். பெயர் கூப்பிட்டதும் போய் இரும்பு நாற்காலியில் உட்கார, 'ணங்' என்று சத்தம். அதிகாரி அம்மா மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாராம்.

"பையிலயே விட்டிருக்கலாமேக்கா?"

"லூசு. பையோட யாருடி ஏற வுடுவாங்க? கீழ வெச்சுட்டு ஏறச் சொல்லுவாங்கல்ல?"

பயமே இல்லை என்றவள் போட்ட முடிச்சுகள் அவை. அவிழ்க்க முடியாமல் நான் பல்லால் கடித்து இழுத்தது மட்டும்தான் அன்று எனக்குத் தெரியும்.