சூசையண்ணன் பாட்டின் கடைசி நாலு வரி

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மலைமேல் ரிங்லெட்டில் என் பத்திரிகைக் கடையின் இரும்புக் கதவைப் பாதி தூக்கியிருந்தபோது சூசையண்ணனின் மகள் ஜெனிஃபர் அழைத்தாள். "கோமதியத்தே, அப்பா போயிட்டாரு" என்றாள். ஈப்போ மருத்துவமனையில், இரண்டாம் முறை வந்த மாரடைப்பு. முந்தின நாள் சாயங்காலம் கூட மீன் குழம்பு கேட்டாராம். தூக்கிய கதவை அப்படியே விட்டுவிட்டு, வந்து இறங்கியிருந்த பத்திரிகைக் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பத்து மணிக்கு இன்னொரு அழைப்பு. தலைநகரிலிருந்து அந்தப் பத்திரிகை. பெயர் சொல்ல மாட்டேன். திட்டினாலும் அதற்கு அது விளம்பரம்தான். பேசியவர் ஒரு நிருபர், குரலில் நல்ல பணிவு. "அக்கா, சூசை ஐயாவோட நல்ல படமா ஒண்ணு வாட்ஸ்அப்ல போடுங்கக்கா. அரைப்பக்கம் ஒதுக்கியிருக்கோம். மலையின் புரட்சிக் குரல்னு தலைப்பு."

"அவர் யாரை எதிர்த்துப் பாடினாருன்னு தெரியுமா தம்பி?"

"தெரியும்க்கா. சோசியல் மீடியா வதந்திய எதிர்த்துத்தானே?"

நான் சொன்னேன். "படம் தாறேன். அதுக்கு முன்னால, பாக்கியம் அக்காவப் பத்தி நீங்க போட்டது பொய்னு ஒரு வரி போடுங்க. போட்ட அன்னிக்கே படம் அனுப்புறேன்."

"யாருக்கா பாக்கியம்?" என்றார் அவர்.

சூசையண்ணனைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் உங்களில் எத்தனை பேர் இன்றைக்கு அதே கேள்வியைக் கேட்பீர்களோ தெரியாது. ஆகவே தெரிந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

சூசைநாதன் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். முப்பது வருஷத்துக்கு மேல் தாப்பாவிலிருந்து மலைமேல் பத்திரிகைக் கட்டுகளை வேனில் ஏற்றி வந்தவர். ரிங்லெட்டில் என் கடை, பிறகு தானா ராத்தா, கடைசியில் கோலா தெர்லா. மழையோ மண்சரிவோ, ஏழு மணிக்குள் கட்டு என் வாசலில் விழுந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாடுவார். கோயில் திருவிழாவில் உறுமி மேளக்காரர்கள் கூப்பிட்டால் அங்கேயும் போய்ப் பாடுவார். கேட்டால், "சாமிக்கெல்லாம் காது ஒண்ணுதான் தங்கச்சி" என்பார். என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டது வாய்வார்த்தைக்கு இல்லை. என் வீட்டுக்காரர் போனபோது பதினாறு நாளும் சோறு கொண்டுவந்து வைத்தவர் அவர்.

பாக்கியம் அக்கா எங்கள் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். தாய்மார்கள் கொழுந்தெடுக்கப் போகும் நேரத்தில் பதினைந்து இருபது குழந்தைகள் அவர் கையில் இருக்கும். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. அக்கா அதைத் தூக்கிக்கொண்டு காலில் செருப்பில்லாமல் தோட்ட ஆபீஸுக்கு ஓடினார். அங்கே கணக்கெழுதும் கிராணியின் காரில் தானா ராத்தா மருத்துவமனைக்குப் போனார்கள். குழந்தை பிழைத்தது. கிருமிக் காய்ச்சல் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுததைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் அந்தப் பத்திரிகையின் முன்பக்கத்தில் வந்தது இது: "பிஞ்சுகளுக்குத் தூக்க மருந்து! தோட்ட ஆயா அட்டகாசம்!" பக்கத்தில் அக்காவின் படம். யாரோ வீட்டுக் கல்யாணத்தில் எடுத்தது, சிரித்த முகம். அந்தச் சிரிப்பை அந்தத் தலைப்புக்குப் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் வயிறு எரியும். அதற்காகவே அதைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். தாயைக் கேட்கவில்லை, டாக்டரைக் கேட்கவில்லை, அக்காவைக் கேட்கவே இல்லை. "தோட்ட வட்டாரத்தில் பேசப்படுகிறது" என்று ஒரு வரி. அது போதுமாக இருந்தது அவர்களுக்கு. மூன்று நாள் தொடர்ந்து போட்டார்கள்.

அந்தக் கட்டை மலைமேல் கொண்டுவந்தது சூசையண்ணன். தாப்பாவில் கட்டைத் தூக்கும்போதே தலைப்பைப் பார்த்துவிட்டார். பாக்கியம் அக்காவை அவருக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். ஆனாலும் வேனை ஓட்டிக்கொண்டு வந்து, ஒவ்வொரு கடையிலும் ஒழுங்காக இறக்கினார். இதைப் பல தடவை அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். "எழுத்து தெரியாதவன் கொண்டாந்தா மன்னிச்சிரலாம் தங்கச்சி. நான் படிச்சிட்டுல்ல கொண்டாந்தேன். அத்தன வளைவு இருக்கு இந்த ரோட்டுல. ஒரு வளைவுல கூட கட்டத் தள்ளிவிடத் தோணலியே எனக்கு."

என் கடையில் கட்டை இறக்கியவர் போகாமல் நின்றார். நான் என் வேலையைப் பார்த்தேன். தலைப்பைப் பெரிதாக அச்சடித்த போஸ்டர் கட்டோடு வரும். அதைத் தட்டியில் ஒட்டி வாசலில் சாத்தி வைப்பது கடைக்காரர் வழக்கம். ஒட்டினேன். "அத வைக்காத தங்கச்சி, பாக்கியம்லா" என்றார். "அண்ணே, நீங்க வண்டிய ஓட்டுங்க, நான் கடைய ஓட்டுறேன்" என்று சொன்னேன். அன்றைக்கு எட்டரை மணிக்குள் அந்தப் பத்திரிகை தீர்ந்துவிட்டது. மறுநாளுக்கு அதிகமாகக் கேட்டு நானே போன் போட்டேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். தெரியாதது போல இருப்பவர்களுக்கும் தெரியும். தாய்மார்கள் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்தினார்கள். போலீஸ் கூப்பிட்டு விசாரித்து, ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டது. அந்த "ஒன்றும் இல்லை" மட்டும் எந்தப் பக்கத்திலும் வரவில்லை. மானேஜர் கொட்டகையைப் பூட்டினார். வேலை போனால் லயத்து வீடும் போகும். அக்கா கோலா தெர்லாவில் ஒரு காய்கறித் தோட்டத்தில் தக்காளி பிரிக்கும் வேலைக்குப் போனார். அங்கேயும் இரண்டாம் வாரத்தில் ஒருத்தி, "தூக்க மருந்து ஆயாவா நீ?" என்று கேட்டாளாம்.

சூசையண்ணன் டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தை, அந்தச் சூரட்டை, நகல் எடுத்துக்கொண்டு, அக்காவையும் கூட்டிக்கொண்டு, பஸ் பிடித்து அந்தப் பத்திரிகையின் ஆபீஸுக்குப் போனார். மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். கடைசியில் ஒருவர் வந்து, திருத்தம் போட்டால் பத்திரிகையின் பெயர் கெடும் என்று விளக்கினாராம். அக்காவின் பெயரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வந்த அண்ணன் என் கடையில் நின்று சொன்னது இது: "பொய்க்கு முன்பக்கம் இருக்கு. உண்மைக்கு இடம் பத்தாதாம். தேத்தண்ணி மட்டும் குடுத்தானுங்க. நான் தொடல." அன்றோடு அந்தக் கட்டை ஏற்ற மாட்டேன் என்று ஏஜெண்டிடம் சொல்லிவிட்டார். ஏஜெண்டு எல்லாக் கட்டையும் வேறு ஆளுக்குக் கொடுத்தார். அண்ணன் முட்டைக்கோஸ் லோரி ஓட்டப் போனார்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சனங்கள் கடைத்தெருவில் நிறைந்திருந்த நேரம், லோரியை என் கடைக்கு எதிரே நிறுத்தினார். இறங்கிக் கதவைச் சாத்தினார். அந்தத் தகரக் கதவிலேயே தாளம் தட்டிப் பாட ஆரம்பித்தார். தவக்காலத்தில் பாடும் புலம்பல் மெட்டு. எங்கள் ஆட்களுக்கு அது ஒப்பாரி போலக் கேட்டது. தெருவே நின்றுவிட்டது.

"கொட்டை எழுத்துல பேரப் போட்டீங்களே
கொட்டகைப் பக்கம் வந்து பாத்தீங்களா?
புள்ளையப் பெத்தவ பக்கத்துல நிக்க
பொய்யா மெய்யான்னு கேட்டீங்களா?"

இப்படி நாலு நாலு வரியாக மூன்று அடுக்கு. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் கல்லாவில் இருந்தபடி தட்டினேன். எங்கேயோ தலைநகரில் இருக்கிறவனைத் திட்டினால் யாருக்குத்தான் இனிக்காது! அப்போதுதான் அவர் திரும்பி என்னைப் பார்த்தபடி கடைசி நாலு வரியை எடுத்தார்.

"தாப்பாவுல ஏத்தி வந்தது என் கையி
தட்டியில ஒட்டி வித்தது உன் கையி
காலைத் தேத்தண்ணிக்குத் தொட்டுக்கிட்டு
கடிச்சித் தின்னது நம்ம வாயி."

கைதட்டல் நின்றது. அவர் பாடி முடிப்பதற்குள் கதவை இறக்கிவிட்டேன். இரண்டு மாதம் பேசவில்லை. "ஊர் முன்னால மானத்த வாங்கிட்டு அண்ணனாம் அண்ணன்" என்று ஜெனிஃபரிடம் சொல்லியனுப்பினேன். அவரே ஒரு நாள் வந்தார். "அந்தப் பாட்டுல மொத கை யாரோடதுன்னு கேட்டியா?" என்றார். "என்னத்தத் தின்னோம்னு பாட்டுல இல்லியே அண்ணே" என்று வேறு ஏதோ கேட்டேன். "தின்னவனுக்குத் தெரியும்லா" என்றார்.

அந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று இப்போது ஆளாளுக்குச் சொல்கிறீர்கள். மஞ்சள் பத்திரிகைக்கு எதிரான பாட்டு என்கிறீர்கள். சரிதான், மூன்று அடுக்கு வரை. பொய் எழுதுகிறவன் ஒரு ஆள். அவன் எழுதியதை ஒரு காலைக்குள் மலை முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்க்க நூறு கை வேண்டும், ஆயிரம் வாய் வேண்டும். அந்தக் கைகளின் பெயர்ப் பட்டியலில் தன் பெயரை முதலில் எழுதினார் அண்ணன். பாட்டின் உயிரே அந்த நாலு வரியில்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் மீதி வெறும் வசவு. வசவு எவனுக்கும் வலிக்காது. அதனால்தான் அந்தப் பத்திரிகையே அதை இன்று மெச்சிக்கொள்ள முடிகிறது.

எடுத்தது யார்? நாம்தான். திருவிழா மேடையில் பாடச் சொன்ன கமிட்டித் தலைவர், "கடைசி அடுக்கு வேணாங்கண்ணே, பொதுசனத்தத் திட்டுற மாதிரி இருக்கு" என்றார். அண்ணன் மேடை ஏறாமல் திரும்பிவிட்டார். அதனால் என்ன, வேறு ஆட்கள் பாடினார்கள். பையன்கள் கிட்டாரோடு பாடி வீடியோ போட்டார்கள், மூன்று அடுக்கு. தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளி விழாவில் பாடினார்கள், மூன்று அடுக்கு. அவருக்குப் பொன்னாடை போர்த்த வந்தவர்களிடம், "முழுசாப் பாடிட்டுப் போத்துங்க" என்று கேட்டார். அவர்களுக்கு வரி தெரியவில்லை.

என்னையும் விட்டுவிட முடியாது. பாட்டுக்குப் பிறகு அந்தப் பத்திரிகையை நிறுத்தினேன். ஆறு மாதம். வாடிக்கைக்காரர்கள் கேட்கிறார்கள் என்று மறுபடி வாங்க ஆரம்பித்தேன். அண்ணன் வருவார், அந்தக் கட்டைப் பார்ப்பார், வேறொரு பத்திரிகையை எடுத்துக்கொண்டு போவார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சண்டையில் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

அடக்கத்தன்று கல்லறையில் குழி மூடியதும் பையன்கள் பாட்டை எடுத்தார்கள். நல்ல குரல்கள். மூன்று அடுக்கு பாடி நிறுத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். கூட்டத்தின் கடைசியில் பாக்கியம் அக்கா நின்றிருந்தார். கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரியில் வந்திருக்கிறார், காலில் ரப்பர் பூட்ஸ் கூடக் கழற்றவில்லை. பாட்டு நின்றதும் இன்னும் வரும் என்பது போல ஒரு நிமிஷம் பார்த்தார். வரவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பி நடந்தார். எனக்கு அந்த நாலு வரியும் மனப்பாடம். என் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் என் வாடிக்கைக்காரர்கள் நின்றிருந்தார்கள், அவ்வளவுதான் காரணம். இதைவிடக் கேவலமான காரணம் ஒன்று இருந்தால் சொல்லுங்கள்.

இரண்டு நாள் கழித்து அந்த அரைப்பக்கம் வந்தது. படத்தை எங்கிருந்தோ எடுத்துக்கொண்டார்கள். சமூக ஊடகப் பொய்களை எதிர்த்துக் குரல் கொடுத்தவர் என்றும், பத்திரிகைகளின் மேல் மாறாத அன்பு கொண்டவர் என்றும் எழுதியிருந்தார்கள். செத்தவர் வந்து மறுக்கவா போகிறார்? பாக்கியம் அக்காவிடம் செய்ததையே அண்ணனிடமும் செய்தார்கள். ஒன்றை உருவிப் படித்துவிட்டு, கட்டை அப்படியே கொண்டுவந்த டிரைவரிடமே திருப்பிக் கொடுத்தேன். "நாளைக்கு இறக்கட்டுமாக்கா?" என்றார். "நாளைக்கும் வேணாம், இனிமேலும் வேணாம்" என்றேன். வாங்க வந்த இரண்டு பேர் முணுமுணுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனார்கள். போகட்டும்.

அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றே ஒன்று. அடுத்தவனைக் கேட்பதற்கு முன்னால் தன் பங்கைச் சொல்லிவிடுவார். அவர் இருந்தவரை எனக்கு அது வரவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன். இதைப் படிக்கிறவர்கள் பாக்கியம் அக்காவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

பாக்கியம் அக்கா எந்தக் குழந்தைக்கும் எந்த மருந்தும் கொடுக்கவில்லை. போஸ்டரை ஒட்டிய அந்தக் காலையிலேயே எனக்கு அது தெரியும். கடை வைப்பதற்கு முன்னால் நானும் கொழுந்தெடுத்தவள். என் மகன் இரண்டு வருஷம் அவர் மடியில்தான் தூங்கினான். தெரிந்துதான் விற்றேன்.