மாமா வாங்கிய கோழி

என் தாய்மாமா குருவி பார்ப்பவர் என்பதை எங்கள் வீட்டில் வெளியே சொல்வதில்லை. எங்களோடுதான் இருந்தார், அவருக்குப் பெண் தேடிக்கொண்டிருந்த காலம் அது. மாப்பிள்ளைக்குக் குடி, சீட்டு உண்டா என்று கேட்டால் இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிடலாம். முப்பது வயது ஆம்பிளை கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு மரத்தடியில் நிற்பதை எப்படிச் சொல்வது? அம்மா கண்டுபிடித்த வழி, அவரோடு என்னை அனுப்பிவைப்பது. அக்கா மகளுக்கு மலை காட்டப் போகிறான் என்று ஆகிவிடும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பங்குனி மாதம். அரியலூரிலிருந்து பெரம்பலூர் போய், பஸ் மாறி, பச்சைமலை அடிவாரத்தில் இறங்கி நடந்தோம். மலை ரோட்டில் ஆள் நடமாட்டமே இல்லை. மாமா தேடி வந்தது கதிர்க்குருவி. கட்டைவிரல் பருமன், இலையின் நிறம். இமயமலைப் பக்கமிருந்து குளிருக்கு நம்மூர் வந்து, வெயில் ஏறியதும் திரும்பிவிடுமாம். ஒரு புளியமரத்தடியில் நின்று, "அதோ, அந்தக் கெளையில எல ஆடுது பாரு" என்றார். இலை ஆடியது. இலை மட்டும்தான் ஆடியது.

மரத்தை ஒட்டி ஒரு மரவள்ளிக் கொல்லை, மேல்கோடியில் ஒரு கூரை வீடு. அங்கிருந்து ஒரு அம்மா களைக்கொட்டும் கையுமாக இறங்கி வந்தார். மாமாவின் பேண்ட்டையும் ஷூவையும் கழுத்தில் தொங்கியதையும் பார்த்தார்.

"அளக்க வந்திருக்கீங்களா சார்?"

"இல்லம்மா. குருவி பாக்க வந்தேன்."

அந்த அம்மா சிரிக்கவில்லை. போன வருஷம் அடிவாரத்தில் இப்படித்தான் பேண்ட் போட்ட ரெண்டு பேர் குழாய் வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்களாம். பின்னாலேயே நிலம் அளக்கும் சங்கிலி வந்தது, கல் நட்டார்கள், அவருடைய அண்ணன் கொல்லை சர்க்காருக்குப் போயிற்று. இவருக்கு இருப்பது இந்த ஒரு கொல்லைதான். பஸ் ஏறி வந்து ஒருவர் குருவி பார்ப்பார் என்று நம்ப அவருக்கென்ன பைத்தியமா? என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு பாப்பா. குருவியா பாத்தீங்க?"

பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று என்னை வளர்த்திருந்தார்கள். "நான் ஒண்ணும் பாக்கலை" என்றேன்.

மாமா பைனாகுலரைக் கழற்றி, மரத்தை நீங்களே பாருங்கள் என்று அவரிடம் கொடுத்தார். அந்த அம்மா மரத்தைப் பார்க்கவில்லை. தன் வீட்டுப் பக்கம் திருப்பிப் பார்த்தார். பார்த்தவர் பதறிப்போய் அதைத் திருப்பித் தந்தார்.

"வூட்டு வாசப்படி வரைக்கும் கிட்டக்கத் தெரியுதே சார்."

ஓடிப்போய் ஒரு செவலைக் கோழியைக் காலைக் கட்டிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். கதகதவென்று இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாமா வேண்டவே வேண்டாம் என்றார். அவர் மறுக்க மறுக்க அந்த அம்மாவின் முகம் செத்துக்கொண்டே போனது. வந்த ஆபீசர் கோழியை வாங்கிக்கொண்டால் நிலம் தப்பித்தது, வாங்காவிட்டால் போயிற்று என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. கடைசியில் ரோட்டிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்.

"பத்தலைன்னா இன்னொண்ணும் தரேன் சார்."

அப்போதுதான் கீழ்க்கிளைக்கு அந்தக் குருவி இறங்கி வந்தது. கட்டைவிரல் பருமனேதான். மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். இரண்டு பேருமே திரும்பவில்லை.

"சரிம்மா, எடுத்துக்கறேன்" என்றார் மாமா.

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மோர் கொடுத்து, ரோடு திரும்பும் இடம் வரை கூடவே வந்து வழியனுப்பினார்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கோழியைக் கொடுக்க வந்தவர் அழுதார், அதைப் பறிகொடுத்தபின் சிரித்தார். குருவி பார்க்க வந்தவரோ குருவி வந்தபோது பார்க்கவில்லை. பஸ்ஸில் மாமா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்மேல்தான் கோபமோ என்று பயந்துகொண்டு கோழியைக் கட்டிப்பிடித்தபடி வந்தேன்.

கோழியைக் கண்டதும் அம்மாவுக்கு வாயெல்லாம் பல். இன்றைக்காவது உருப்படியாக ஒன்றைப் பிடித்தானே என்று குழம்பு வைத்தாள். மாமா சோற்றில் கைவைக்கவில்லை. என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"நெசமாவே அளக்குறவன் வந்து நின்னா, அந்தம்மா என்ன பாப்பா நெனைக்கும்?"

"அதான் கோழி குடுத்தாச்சே மாமா, இனிமே என்ன பயம்னு நெனைக்கும்" என்றேன், ஈரலை மென்றபடி.

சரியாகத்தான் சொன்னேன். ஆனாலும் மாமா ஏன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார் என்று எனக்கு விளங்கவில்லை.