நாற்பதாம் ஆண்டுப் பதிப்பில் இல்லாத குரல்

நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது மாமாவுக்குக் குரல் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. மாமா என்றால் என் மாமனார் முத்துமாலை. தொண்டையில் புற்று வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் எப்போதும் வெள்ளைத் துணி. வேண்டியதைக் கையால் காட்டுவார். நானும் அதிகம் பேசுகிறவள் இல்லை. பக்கத்து வீட்டு சுகன்யா அக்கா, "பேச முடியாத மாமனாருக்குப் பேசத் தெரியாத மருமக. சாமி அளந்துதான் போட்டிருக்கு" என்று சிரிப்பாள்.

மாமா வில்லுப்பாட்டில் குடம் அடித்தவர். குழுவின் தலைவரான அண்ணாவி நடுவில் இருந்து கதை பாடுவார். ஒவ்வொரு அடி முடிந்ததும் "ஆமா" போடுவது மாமாவின் வேலை. பிள்ளை பிறக்கிற கட்டத்துக்கு ஒரு மாதிரி, சாவு விழுகிற கட்டத்துக்கு ஒரு மாதிரி என்று பல விதமாகச் சொல்வாராம். ஊரில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் 1985-இல் பதிந்த கேசட் ஒன்று மாமாவிடம் இருந்தது. மற்ற வீடுகளில் இருந்தவையெல்லாம் நாடா சிக்கியும் பூஞ்சை பிடித்தும் போய்விட்டன. அதனால் மாமா அதை ஓட்டவே விடமாட்டார். பாலிதீன் பையில் சுற்றி, பீரோவில் வேட்டிகளுக்கு நடுவில் வைத்திருந்தார்.

மாசி மாதம் தாணுமாலையன் வந்தார். அண்ணாவியின் மகன். அப்பா இறந்த பிறகு வில்லுப்பாட்டுக் குழுவை அவர்தான் நடத்துகிறார்.

"அண்ணாச்சி, அந்தப் பதிவுக்கு நாப்பது வருஷம் ஆச்சு. சுத்தம் பண்ணி பென்டிரைவுல போடப் போறேன். நல்ல கேசட்டு உங்ககிட்ட மட்டுந்தான் இருக்கு. பத்து நாள்ல திருப்பித் தாரேன்."

என் வீட்டுக்காரர் மகாராஜன், "நாங்களும் கூட வந்து பதிஞ்சிட்டு, கையோட கொண்டு வந்துருதோம்" என்றார். மாமா கையமர்த்திவிட்டார். அண்ணாவி ஒன்று சொல்லி அவர் மறுத்ததே கிடையாது. அண்ணாவி மகனிடமும் அப்படியே தலையாட்டி, பையோடு எடுத்துக் கொடுத்தார். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். இனி நாடா அறுந்துவிடும் என்று பயப்படாமல் கேட்கலாமே.

பத்து நாள் என்று சொன்ன கேசட் திரும்பவில்லை; சித்திரையில் பதிப்புதான் வந்தது. பென்டிரைவ் பெட்டியின் மேல் பழைய மேடைப் படத்தைப் போட்டிருந்தார்கள். நடுவில் அண்ணாவி. இடது ஓரத்தில் படத்தை வெட்டியிருந்ததால் ஒரு குடத்தின் வாயும் ஒரு கையும் மட்டும் தெரிந்தன. நான் அதைப் பார்த்தேன்.

டிவியில் செருகினோம். மாமா சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அண்ணாவி குரல் கணீரென்று வந்தது. பின்னால் கீபோர்டு. முதல் அடி முடிந்தது. "ஆமா" என்று ஒரு வழுவழுப்பான குரல் கேட்டது.

தொடையில் தட்டிக்கொண்டிருந்த மாமாவின் விரல்கள் நின்றன.

"யப்பா, இது நீங்களா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

மாமா இல்லையென்று தலையசைத்தார். அது யாருடைய குரல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கோயில் மைக்கில் கொடை வரி கட்டாதவர்கள் பெயரை வாசிக்கிற தாணுமாலையனின் குரல். முழுக் கதையையும் கேட்டோம், எங்காவது ஓரிடத்தில் விட்டிருக்க மாட்டார்களா என்று. குடத்துச் சத்தம் இருந்தது. மாமா இல்லை.

செவ்வாய்க்கிழமை எங்கள் ஊர்க் கோயிலில் கொடை. மத்தியானம் மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம். பந்தல் ஓரத்தில் மேசை போட்டு, தாணுமாலையன் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்.

"எங்க அப்பா சத்தம் எங்கவே?" என்றார் என் வீட்டுக்காரர்.

"கோவப்படாதியும். டேப்பு பழசு. அண்ணாச்சி சத்தம் கரகரன்னு கேக்கு. இப்ப உள்ள பிள்ளைக கேக்குமா? அதான் நானே போட்டுட்டேன்."

"உங்க அப்பா சத்தம் மட்டும் கரகரங்கலையோ? அவரையும் எடுத்துட்டு நீரே பாடியிருக்க வேண்டியதான?"

தாணுமாலையன் பெட்டிகளை நேராக அடுக்கினார்.

"கேசட்டக் குடும்."

"அது மெட்ராஸுக்குப் போச்சுல்லா. வேல முடிஞ்சா பழசெல்லாம் வச்சிக்கிட மாட்டாங்களாம். முதல்ல கம்ப்யூட்டர்ல பதிஞ்சதையும் அழிச்சிட்டாங்களாம்." மாமாவின் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, உங்க பேரு உள்ள இருக்கு. குடம்னு போட்டிருக்கேன்."

மாமா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்தத் தடவை தலையாட்டவில்லை.

அப்போது கருங்குளத்துக்காரர் ஒருவர் மேசைக்கு வந்தார். மாமாவை அடையாளம் தெரிந்து, "நம்ம முத்துமாலை அண்ணாச்சிலா! வாங்கலாமா, அந்தக் காலத்துல கேட்ட மாதிரியே இருக்கா?" என்று கேட்டார்.

மாமாவால் சொல்ல முடியாது. என் வீட்டுக்காரர் ஆத்திரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்தான் சொன்னேன். இத்தனை ஆம்பளைகளுக்கு நடுவில் நான் பேசியது அதுதான் முதல்தடவை.

"வாங்காண்டாம். இதுல எங்க மாமா இல்ல. அவுக சத்தத்த எடுத்துட்டு, இவுக சத்தத்தப் போட்டிருக்காவ."

அவர் என்னைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணாவி பாட்டு முழுசா இருக்குல்லா?"

"ஒரு வரி குறையாது" என்றார் தாணுமாலையன்.

"அப்போ ரெண்டு குடும். மச்சினனும் கேட்டான்."

அவர் வாங்கிப் பையில் போடும்வரை மாமா அங்கேயே நின்றார். பிறகு, வீட்டுக்குப் போகலாம் என்று எனக்குக் கையைக் காட்டினார்.