ஆரஞ்சு நரம்புக்காரர்

கேட்டை மூடி, கொக்கியை மாட்டி, மாட்டியதை ஒரு தரம் ஆட்டிப் பார்த்து, வண்டியை நோக்கிப் பத்தடி நடந்த பிறகு மறுபடியும் திரும்பிப் போய் ஆட்டிப் பார்ப்பார் எவரிஸ்டோ. ஜூலை மாதத்துத் தெற்குக் காற்று; பூமியின் இந்தத் தென்கோடியில் அதுதான் கடுங்குளிர். புல்லெல்லாம் வெள்ளையாய் உறைந்து கிடக்கும். மார்பு வரை ஏறும் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு அவர் தத்தித் தத்தி வந்து சேர்வதற்குள், அவர் திறந்து போட்டுவிட்டுப் போன வண்டிக் கதவு வழியாக அந்தக் காற்று மொத்தமும் எங்கள் மடியில் வந்து உட்கார்ந்திருக்கும்.

"வண்டிக் கதவையும் கொஞ்சம் சாத்திட்டுப் போனா உன் மானம் போயிடுமா, கெழவா?" என்பார் அவர் மனைவி லியோனோர்.

வண்டிக் கதவுக்கு விதி எதுவும் கிடையாது. கேட்டுக்கு உண்டு. எங்கள் சமவெளியில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் அது தெரியும். பிறத்தியார் நிலத்தைக் கடக்கும்போது கேட் மூடியிருந்தால், போன பிறகு மூடு. திறந்திருந்தால் திறந்தபடியே விட்டுப் போ. மாட்டைத் தண்ணீருக்கு விட நிலத்துக்காரன் திறந்து வைத்திருப்பான், உனக்கென்ன தெரியும்? "கேட்டுல கை வெக்கிறவன் மூளைய வீட்லயே வெச்சிட்டு வரணும்" என்பார் எவரிஸ்டோ. "எப்படி இருந்துச்சோ அப்படியே விடு. அவ்ளோதான்."

எவரிஸ்டோ கோஞி என் மனைவி நொயெமியின் அண்ணன். ஊரில் டயர் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். வாரம் முழுக்கக் குரல் உயர்த்தாத மனிதர். லாரிக்காரன் வாய்க்கு வந்தபடி பேசினாலும் டயரைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் காற்று தெற்கே திரும்பிவிட்டதென்றால் ஆளே மாறிவிடுவார். மற்றவர்கள் ஜனவரி வெயிலில் கடலுக்குப் போவார்கள். அவருக்கு அது கேவலம். "வெயில்ல மீன் பிடிக்கிறது கல்யாண வீட்ல சாப்பிடுற மாதிரி. யார் வேணா போவான்." குளிரில் மட்டும் கரையை ஒட்டி வரும் வெள்ளி நிறப் பெஹெர்ரே மீன்தான் அவருக்கு மீன். அதற்காக ஞாயிறு தவறாமல் குடும்பத்தையே பூசைக்குக் கூட்டிப் போவது போல அள்ளிப் போட்டுக்கொண்டு போவார். கல்யாணமான நாள் முதல் என் குளிர்கால ஞாயிறுகளை இந்த மனிதர் தின்றுகொண்டிருக்கிறார். இதை எழுதும்போதும் எனக்குக் கால் விரல் விறைக்கிறது.

அலையில் இறங்குவதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. கரையில் நின்று மாத்தே குடுவையை உறிஞ்சி முடிப்பார். அந்தக் கசப்புச் சாறு சுடச்சுட நெஞ்சுக்குள் இறங்க வேண்டும். பிறகு அலை பின்வாங்கும்போது அதோடு ஓடி, இடுப்பளவு தண்ணீரில் முதுகைக் காட்டி நின்று, அடுத்த அலையை முதுகில் வாங்கிக்கொண்டு, அது தாண்டியதும் திரும்பித் தூண்டில் கழியை வீசுவார். ஈயக்குண்டு மணல்திட்டைத் தாண்டி விழ வேண்டும். அவர் மகள் யமிலா பேக்கரியில் மாவு பிசைகிறவள். அப்பாவைவிட நெடுந்தூரம் வீசுவாள். "காத்து உதவிச்சு" என்பார் அப்பா. அவளுக்கு எதிர்க்காற்று அடித்தாலும் அதே வார்த்தைதான். ஒருமுறை நான் நுரையில் கால் தடுக்கி விழுந்து உருண்டேன். "விடாதீங்க மாப்ளே, விட்டுடாதீங்க" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது எனக்கு. பக்கத்தில் வந்ததும் என் கையிலிருந்த கழியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

தூண்டில் நரம்பைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. கனமான குண்டை வீசும்போது மெல்லிய நரம்பு அறுந்துவிடும். ஆகவே நுனியில் சில பாக நீளத்துக்கு, இரு கையையும் விரித்தால் ஒரு பாகம், தடித்த நைலான் நரம்பு முடிய வேண்டும். எல்லாரும் கடையில் கிடைக்கும் வெள்ளை நரம்பைத்தான் முடிவார்கள். எவரிஸ்டோவுக்கு மட்டும் துறைமுகத்தில் யாரோ ஒரு மாலுமி கொண்டுவந்து கொடுக்கும் ஆரஞ்சு நரம்பு. மைல் தூரத்திலிருந்து தெரியும். இந்தக் கரை முழுக்க அது அவருக்குப் பெயர்ப்பலகை. அதில் ஒரு சாண் யாருக்கும் தர மாட்டார். என் வண்டியின் சைலன்சர் கழன்று ரோட்டில் உரசியபோது, கட்ட ஒரு முழம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். குனிந்து தன் ஷூ லேசை உருவிக் கொடுத்தார். அன்று முழுக்க ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். நரம்பு டப்பாவின் மூடி திறக்கவில்லை.

நாங்கள் கடக்கும் நிலம் ஒரு பழைய பண்ணை. அதன் கடைசியில் மணல்மேடு, மணல்மேட்டுக்கு அப்பால் கடல். கேட்டை ஒட்டிய வீட்டில் பௌதிலியோ என்ற பண்ணையாள் இருக்கிறார். மாடு பார்ப்பது அவர் வேலை. வழிக்கு யாரும் எதுவும் கேட்டதில்லை. ஆனால் அன்று பிடிக்கும் முதல் மீன் கேட்டுக்கு. பெரிதோ சிறிதோ, திரும்பும்போது பௌதிலியோ வீட்டு வாசல் கம்பிக் கொக்கியில் அதை மாட்டிவிட்டு வருவார் எவரிஸ்டோ. ஒரு தடவை அந்த முதல் மீனோடு கடல் வாயை மூடிக்கொண்டது. அதையும் மாட்டிவிட்டு வந்து எங்களுக்கு முட்டை பொரித்துப் போட்டார்.

இந்த ஆண்டு குளிர்காலம் தொடங்கியபோது அந்தக் கேட்டில் சங்கிலி தொங்கியது. பெரிய பூட்டு. பக்கத்தில், அத்துமீறினால் வழக்கு என்று ஒரு பலகை. பண்ணையின் பெரியவர் இறந்துபோய், வாரிசுகள் தலைநகரத்துக் கம்பெனி ஒன்றுக்கு விற்றுவிட்டார்களாம். கடல் பார்த்த மனைகள் வரப் போகின்றனவாம். பௌதிலியோ ஒரு பச்சை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். அது அவர் தோளுக்குப் பெரிதாக இருந்தது.

"மாடெல்லாம் எங்க, பௌதிலியோ?" என்றார் எவரிஸ்டோ.

"வித்துட்டாங்கண்ணே."

"அப்ப பூட்டு எதுக்கு? புல்லு ஓடிப் போயிடுமா?"

"யாரையும் விடக் கூடாதுன்னு உத்தரவு. விட்டா என்னை வீட்ட விட்டே தொரத்திருவாங்க. இந்த வயசுல நான் எங்க போவேன்?"

"பூட்டினது யாரு? நீயா?"

பௌதிலியோ ஆமாம் என்று தலையை ஆட்டினார். "இவ்ளோ நாள் தின்ன மீனோட முள்ளு இன்னிக்காவது உன் தொண்டைல சிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எவரிஸ்டோ வந்து வண்டியில் ஏறினார். டயர் கடையில் ஒருநாளும் கேட்காத குரல் அது.

திங்கட்கிழமை ஊர் அலுவலகத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். அங்கே இருந்தவர் மரியாதையான மனிதர். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "கடற்கரை பொதுச் சொத்து ஐயா. அதுல சந்தேகமே வேண்டாம். யாரும் உங்களைத் தடுக்க முடியாது. அங்க போற வழி மட்டும் தனியார் நிலம்."

"அப்ப நான் எப்படிப் போறது?"

"கடல் வழியாப் போகலாமே."

சிரிக்காமல் சொன்னார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி நாற்காலியும் போடுகிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மேசையைக் கவிழ்த்திருப்பேன். எவரிஸ்டோ தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, போகும்போது அந்த அறைக் கதவை, வந்தபோது இருந்தபடியே, பாதி திறந்து விட்டு வந்தார்.

அதன் பிறகு ஊர்க் கடற்கரைதான். ஒருவன் நரம்பு இன்னொருவன் நரம்பில் சிக்கும். நாய் வந்து தூண்டில் இறாலைத் தின்னும். கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு நடைப்பயிற்சி போகிறவர்கள் நின்று "ஏதாவது மாட்டிச்சா?" என்று கேட்பார்கள். ஒன்றும் மாட்டாது. யமிலா ஞாயிற்றுக்கிழமையும் பேக்கரியில் வேலை இருப்பதாகச் சொல்லத் தொடங்கினாள். நொயெமிக்கு முழங்கால் வலி வந்தது. ஒரு ஞாயிறன்று போகவே இல்லை. எவரிஸ்டோ பூட்டிய கடைக்குள் உட்கார்ந்து, யாரும் கேட்காத டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நான் வீட்டில் கணப்புக்குப் பக்கத்தில், காலில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு, இத்தனை காலம் ஏங்கிய ஞாயிற்றுக்கிழமையை அனுபவித்தேன். அனுபவிக்க முடியவில்லை. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான் இது. நான் திட்டிக்கொண்டே பட்ட குளிர் என்னுடையது. அதைப் பிடுங்கிக்கொள்ள இவர்கள் யார்?

அடுத்த ஞாயிறு நானே போய் எல்லாரையும் கிளப்பினேன். "என்ன மாப்ளே, குளிர் இல்லையா?" என்றார் எவரிஸ்டோ. "இருக்கு, வாங்க மச்சான்" என்றேன். அன்று ஊர்க் கடற்கரையில் யமிலாவுக்கு ஒரு பெஹெர்ரே கிடைத்தது. கைக்குள் அடங்கும் மீன். அப்பா அதைச் செய்தித்தாளில் சுற்றினார். வண்டி வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

"எங்க போற?" என்றார் லியோனோர்.

"மொத மீன் கேட்டுக்கு."

"கேட்டே நமக்கு இல்லைன்னு ஆயிடுச்சு. அப்புறம் என்ன மொத மீனு?"

"அவனுங்க பூட்டினது கேட்டை. என் வழக்கத்தை இல்ல."

"அந்த ஆளை முள்ளு சிக்கட்டும்னு திட்டின?"

"அதான் முள்ளோட குடுக்குறேன்."

அந்த மீனைச் சங்கிலியில், பூட்டுக்கு மேலே, கட்டித் தொங்கவிட்டார். தூரத்தில் பௌதிலியோ வாசலில் நின்றது தெரிந்தது. அவர் வரவில்லை. இவரும் கையாட்டவில்லை. அடுத்த வாரம் ஒரு மீன். அதற்கடுத்த வாரம் ஒன்று. போக வர அத்தனை தூரம், சுண்டு விரல் கனத்தில் ஒரு மீனுக்கு. "பெட்ரோல் ஊத்திக் கோபத்தை வளக்குற ஒரே ஆள் எங்க அண்ணன்தான்" என்றாள் நொயெமி. முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை.

ஆகஸ்ட் முடியும் தறுவாயில் ஒரு ஞாயிறு, மதியம், அப்படி மீனோடு போனபோது கேட் அகலத் திறந்து கிடந்தது. பூட்டு உடைபடவில்லை. சாவி போட்டுத் திறந்து, சங்கிலியை வளையமாகச் சுருட்டி, கம்பத்தில் பதவிசாக மாட்டியிருந்தது. பௌதிலியோ வீட்டுப் புகைபோக்கியில் புகை. கதவு சாத்தியிருந்தது. ஜன்னலில் திரை இழுத்துவிட்டிருந்தது. உள்ளே இருக்கிறவர் எங்களைப் பார்க்கவில்லை என்று நாளைக்குச் சத்தியம் செய்யலாம். ஆனால் திங்கள்தோறும் கம்பெனியின் மேற்பார்வையாளர் வெள்ளை வண்டியில் வருவார். பூட்டுக்குச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

யமிலா சீட்டில் எழுந்து நின்றே விட்டாள். "போப்பா, போப்பா, தண்ணி ஏறுது."

எவரிஸ்டோ கேட்டைத் தாண்டி வண்டியை நிறுத்தினார். இறங்கினார். கதவைச் சாத்தவில்லை. முதலில் அந்த வீட்டு வாசலுக்குப் போய், கொக்கியில் மீனை மாட்டினார். கதவைத் தட்டவில்லை. திரும்பி வந்து, பூட்டையும் சங்கிலியையும் கம்பத்திலிருந்து எடுத்து, பூட்டை அழுத்தி மூடி, பக்கத்துப் பள்ளத்துத் தண்ணீரில் வீசினார். பிறகு வண்டியின் பின்பக்கம் போய், நரம்பு டப்பாவைத் திறந்தார்.

நாங்கள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தோம். ஆரஞ்சு நரம்பை ஒரு பாகம், இரண்டு பாகம் என்று உருவிக்கொண்டே போனார். திறந்திருந்த கேட்டை வேலிக் கம்பத்தோடு சேர்த்துச் சுற்றிச் சுற்றிக் கட்டினார். ஈயக்குண்டுக்குப் போடும் அதே முடிச்சு. அதை அவிழ்க்க முடியாது, அறுக்கத்தான் வேண்டும்.

"கெழவா," என்றார் லியோனோர், மெதுவாக. "அந்த நெறத்தைப் பாத்தா இந்தக் கரையில குருடன்கூட உன் பேரைத்தான் சொல்லுவான்."

"அதுக்குத்தான் கட்டுறேன்."

"பலகைய படிச்சியா? வழக்குப் போடுவாங்க."

"எப்படி இருந்துச்சோ அப்படியே விட்டுட்டுப் போறேன். காத்துல சாத்திக்கப் போகுது."

நரம்பின் நுனியைப் பல்லில் கடித்து அறுத்தார். கட்டிய கேட்டை ஒரு தரம் ஆட்டிப் பார்த்தார். தெற்குக் காற்று வண்டிக்குள் நிறைந்துவிட்டது. கதவைச் சாத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எங்களை நோக்கித் தத்தித் தத்திப் பத்தடி நடந்தவர், நின்று, மறுபடியும் திரும்பிப் போய் ஆட்டிப் பார்த்தார்.